சிறுநீரக நோயும் சீன மூலிகையும்: வீட்டிலும் வெளியிலும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பினாங்கில் எங்கள் தெருவிலேயே இரண்டு சீன மருந்துக்கடைகள் உண்டு. கண்ணாடிப் புட்டிகளில் வேர், பட்டை, பூ, காய்ந்த பூச்சி என்று வரிசையாக அடுக்கி வைத்திருப்பார்கள். சின்ன வயதில் இருமல் வந்தால் அம்மா எங்களை அங்கேதான் கூட்டிப் போவார். சீன வைத்தியரை மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் ‘சின்சே’ என்போம். சித்தப்பாவுக்குச் சிறுநீரில் புரதம் போகிறது என்று தெரிந்தபோது, “சின்சேயிடமும் ஒரு தடவை காட்டலாமே” என்று முதலில் சொன்னவன் நான்தான். அதனால் நடந்ததைக் கீழே ஒரு பதிலில் எழுதியிருக்கிறேன்.

நான் மருத்துவன் இல்லை. அந்த அனுபவத்துக்குப் பிறகு கிடைத்ததையெல்லாம் படித்தேன், சிறுநீரக மருத்துவர்களிடமும் முறையாகப் படித்த சீன வைத்தியர்களிடமும் கேட்டேன். சொந்தக்காரர்களும் தெரிந்தவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கான பதில்களை இங்கே சேர்த்திருக்கிறேன்.

சீன மருத்துவத்தில் சிறுநீரக நோய் முழுசாகக் குணமாகுமா?

நாள்பட்ட சிறுநீரக நோய் என்றால், ஆகாது. ஒரு சிறுநீரகத்தில் ஏறத்தாழ 10 லட்சம் நுண்வடிகட்டிகள் இருக்கின்றன. அழிந்து வடுவானது அழிந்ததுதான், புதிதாக முளைக்காது. மூலிகையாலும் முடியாது, ஆங்கில மருந்தாலும் முடியாது. மிச்சம் இருப்பதைக் காப்பாற்றலாம், கெடும் வேகத்தைக் குறைக்கலாம், டயாலிசிஸைப் பல வருடங்கள் தள்ளிப்போடலாம். வடிகட்டியில் அழற்சி வந்து புரதம் ஒழுகும் சில நோய்களில் அழற்சி அடங்கி, ஒழுக்கு நின்றுபோவதும் உண்டு. அதுவும் வடு விழுவதற்கு முன்னால் பிடித்தால்தான்.

‘டயாலிசிஸிலிருந்து விடுதலை’ என்று யாராவது விளம்பரம் செய்தால் அந்த இடத்துக்குப் போக வேண்டாம்.

சின்சே நாடி பிடித்துப் பார்த்து ‘கிட்னி பலவீனம்’ என்றார். ரத்தப் பரிசோதனையில் எல்லாம் சரியாக இருக்கிறதே?

இரண்டுமே உண்மையாக இருக்கலாம். குழப்பம் ஒரு சொல்லில் இருக்கிறது.

சீன மருத்துவத்தில் ‘ஷென்’ என்று ஒன்று உண்டு. அதைத்தான் எல்லோரும் கிட்னி என்று மொழிபெயர்க்கிறார்கள். ஆனால் ஷென் என்பது முதுகுப்புறம் இருக்கும் அவரை விதை வடிவ உறுப்பு மட்டும் இல்லை. பிறக்கும்போதே கொண்டுவந்த உயிர்ச்சாரம் அங்கே இருக்கிறதாம். வளர்ச்சி, குழந்தைப் பேறு, எலும்பு, தலைமுடி, காது கேட்பது எல்லாம் அதன் பொறுப்பு. சீனர்கள் சொல்லும் ஐந்து மூலங்களில் நீர் அதற்குரியது, பருவத்தில் குளிர்காலம், உணர்ச்சியில் பயம். நாடி பார்க்கும்போது மணிக்கட்டில் மூன்று விரல் வைப்பார்கள், முழங்கைப் பக்கம் இருக்கும் விரலடியில் ஷென்னைப் பார்ப்பார்கள். நம் ஊர் வைத்தியர் மூன்று விரலில் வாதம், பித்தம், கபம் பார்ப்பதை அறிந்தவர்களுக்கு இந்த முறை அந்நியமாகத் தெரியாது.

ஆக, இடுப்பு வலி, காதில் இரைச்சல், முடி கொட்டுவது, அசதி, ஆண்மைக் குறைவு என்று போனவரிடம் ‘ஷென் பலவீனம்’ என்று சொல்வது அந்த மரபுக்குள் சரியான பேச்சு. சீனாவில் அது சாதாரணமாகப் புழங்கும் சொல். சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய ரத்தக் கழிவான கிரியேட்டினினுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. நம் ஆட்கள் அதைக் கேட்டுவிட்டு, கிட்னி போய்விட்டது என்று தூக்கமில்லாமல் கிடக்கிறார்கள்.

இதன் மறுபக்கம்தான் ஆபத்தானது. கால் வீங்கி, சிறுநீர் நுரைத்து, உண்மையிலேயே சிறுநீரகம் கெட்டுக்கொண்டிருக்கும் ஒருவருக்கு நாடி பார்த்து ‘ஷென் இப்போது பலமாகிவிட்டது’ என்று சொல்லிவிட முடியும். சிறுநீரகம் எத்தனை சதவீதம் வேலை செய்கிறது என்பது நாடியில் தெரியாது. ரத்தத்தில் கிரியேட்டினினும், சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதமும் பார்த்தால்தான் தெரியும்.

அப்படியென்றால் பழைய சீன வைத்தியர்களுக்கு இந்த நோயே தெரியாதா?

தெரியும், வேறு பெயர்களில். உடம்பு நீர்கோத்து வீங்குவதற்கு ஒரு பெயர், சிறுநீர் கலங்கிப் போவதற்கு ஒரு பெயர். சிறுநீர் நின்றுபோய், மேலே வாந்தியும் நிற்காமல் வரும் கடைசிக் கட்டத்துக்குக் ‘குவான் கே’ என்று தனிப் பெயர். முற்றிய சிறுநீரகச் செயலிழப்பை நேரில் பார்த்தவர்களுக்கு அந்த வர்ணனை எவ்வளவு துல்லியம் என்று தெரியும்.

சீனாவில் ஆங்கில மருந்தே இல்லாமல் மூலிகையால்தான் வைத்தியம் பார்க்கிறார்களாமே?

இல்லை. இந்த எண்ணம் எங்கிருந்து பரவியது என்று தெரியவில்லை, ஆனால் எல்லோரும் கேட்கிறார்கள். 2012-இல் வெளியான தேசியக் கணக்கெடுப்பின்படி சீனாவில் வளர்ந்தவர்களில் 10.8 சதவீதம் பேருக்கு நாள்பட்ட சிறுநீரக நோய் இருந்தது. ஏறத்தாழ 12 கோடிப் பேர். அத்தனை பேரையும் மூலிகையை மட்டும் நம்பி விடவில்லை. அங்கே பெரிய சீன மருத்துவமனைகளின் சிறுநீரகப் பிரிவுகளில், சிறுநீரகத்திலிருந்து துளி சதை எடுத்துச் சோதிக்கும் பயாப்சி செய்கிறார்கள், டயாலிசிஸ் இயந்திரங்கள் ஓடுகின்றன. நோயாளியின் கையில், கொதிப்பையும் புரத ஒழுக்கையும் குறைக்கும் லோசார்டன் மாத்திரையும் இருக்கும், கஷாயப் பொட்டலமும் இருக்கும். இரண்டையும் எழுதித் தருவது பெரும்பாலும் ஒரே மருத்துவர். இங்கே அதுபோல் இல்லை. சின்சே ஒரு பக்கம், மருத்துவமனை ஒரு பக்கம். ஒருவர் கொடுப்பது மற்றவருக்குத் தெரியாது.

என்னென்ன மூலிகைகள் கொடுக்கிறார்கள்?

நோயாளியைப் பார்த்துக் கலவை மாறும். ஆனால் சில பெயர்கள் திரும்பத் திரும்ப வரும்.

ஹுவாங் ச்சி என்கிற வேர் முதலில் வரும். சூப்பில் போடும் வெளிர் மஞ்சள் நிறச் சீவல். இங்கே சீன வீடுகளில் கோழி சூப்பிலேயே போடுவார்கள். உடம்பின் ‘ச்சி’யை, அதாவது உயிராற்றலைத் தூக்கிவிடும் என்பது மரபு. புரத ஒழுக்குக்கு இதைத்தான் அதிகம் சேர்க்கிறார்கள்.

தா ஹுவாங் அடுத்தது. பேதிக்குக் கொடுக்கும் கிழங்கு. நம் நாட்டு மருந்துக்கடையில் இரேவல்சின்னி என்று கேட்டால் இதே இனத்துக் கிழங்கைத் தருவார்கள். அந்தப் பெயரில் இருக்கும் ‘சின்னி’ சீனாவைக் குறிப்பதுதான், பாரசீகம் வழியாக வந்த பெயர். ரத்தத்தில் தேங்கும் கழிவைக் குடல் வழியாக வெளியேற்றலாம் என்பது இதன் பின்னால் இருக்கும் யோசனை. சீனாவில் சிறுநீரகச் செயலிழப்புக்குத் தரும் குருணை மருந்துகளில் தா ஹுவாங் சேருவது வழக்கம்.

லியு வெய் தி ஹுவாங் வான் என்ற கறுப்பு உருண்டையைப் பார்க்காதவர்கள் இங்கே குறைவு. ஆறு சரக்கு சேர்ந்தது. ச்சியென் யி என்ற குழந்தை வைத்தியரின் மருத்துவம் 1119-இல் நூலாகத் தொகுக்கப்பட்டது, அதில் இது வருகிறது. அதற்கும் 900 வருடம் முந்திய பழைய கலவை ஒன்றிலிருந்து சூடான இரண்டு சரக்குகளை அவர் எடுத்துவிட்டார், குழந்தைகளுக்குச் சூடு ஆகாது என்று. வளர்ச்சி குன்றிய பிள்ளைகளுக்குக் கொடுத்த மருந்து இன்றைக்கு வயசானவர்களின் இடுப்பு வலிக்கு விற்கிறது. ஷென்னுக்கு நல்லது என்பதை ‘கிட்னி மருந்து’ என்று புரிந்துகொண்டு, கிரியேட்டினின் ஏறியவர்கள் வாங்கி விழுங்குகிறார்கள். அது அதற்கான மருந்து இல்லை.

அப்புறம் லெய் குங் தெங். ‘இடிதேவன் கொடி’ என்று பொருள். பெயருக்கு ஏற்றபடி கடுமையான நஞ்சு. ஆனால் நோய் எதிர்ப்பு மண்டலத்தை அடக்கும் சக்தி இதற்கு நிஜமாகவே உண்டு. 1970-களின் பிற்பகுதியில் நான்ஜிங் நகரத்து மருத்துவர்கள் இதைச் சிறுநீரக அழற்சிக்குக் கொடுக்க ஆரம்பித்தார்கள், இன்றைக்கும் சீனாவில் மாத்திரையாகக் கிடைக்கிறது. புரதம் குறையும். விலையாக, கல்லீரல் கெடலாம், ரத்த அணுக்கள் குறையலாம், பெண்களுக்கு மாதவிடாய் நிற்கலாம், ஆண்களுக்கு விந்தணு குறையலாம். கல்யாணம் ஆகாத பிள்ளைகளுக்கு இதைக் கொடுப்பதை நினைத்தாலே எனக்குப் பயமாக இருக்கிறது.

ஆராய்ச்சியில் ஏதாவது நிரூபணம் ஆகியிருக்கிறதா?

கொஞ்சம் ஆகியிருக்கிறது. ‘எல்லாம் பொய்’ என்பவர்களோடும் எனக்கு உடன்பாடு இல்லை.

எனக்குப் பிடித்த உதாரணம் ஹுவாங் குய். வெண்டைக்காய்ச் செடிக்கு நெருங்கிய சொந்தம், அதே மாதிரி மஞ்சள் பூ. அந்தப் பூவிலிருந்து எடுத்த சாறு மாத்திரையாக வருகிறது. பயாப்சி செய்து நோய் உறுதியான 417 பேரிடம் இதை லோசார்டனோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள், சீனாவில் பல மருத்துவமனைகளில், 24 வாரம். 2014-இல் முடிவு வந்தது. புரத ஒழுக்கை ஹுவாங் குய் லோசார்டனைவிட அதிகமாகக் குறைத்தது. அவர்கள் எல்லோருக்கும் சிறுநீரகம் இன்னும் ஓரளவு நன்றாக வேலை செய்துகொண்டிருந்தது என்பதை மறந்துவிடக் கூடாது. இதைப் படித்துவிட்டு என் அத்தை ஒரு மாதம் தினமும் வெண்டைக்காய் சமைத்துக் கொடுத்தார். செடி வேறு, பூவின் சாறு வேறு. முற்றிய நோயில் காய்கறியின் பொட்டாசியத்தையும் கணக்குப் பார்க்க வேண்டும், கெட்ட சிறுநீரகத்தால் அதை வெளியேற்ற முடியாது.

இன்னொன்று, மெம்ப்ரேனஸ் நெஃப்ரோபதி என்ற, வடிகட்டிச் சவ்வு தடித்துப் புரதம் ஒழுகும் நோய்க்கு ஒரு மூலிகைக் கலவையை நோய் எதிர்ப்பை அடக்கும் ஸ்டீராய்டும் சைக்ளோபாஸ்ஃபமைடும் சேர்ந்த வழக்கமான சிகிச்சையோடு 190 பேரிடம் ஒப்பிட்டார்கள். 2013-இல் வெளியானது. புரதம் இரண்டு பக்கமும் ஏறத்தாழ ஒரே அளவு குறைந்தது. ஹுவாங் ச்சி வேரைச் சர்க்கரை நோயாளிகள் 118 பேரிடம் ஹாங்காங்கில் 48 வாரம் சோதித்தார்கள். வழக்கமான மருந்தோடு இதையும் சேர்த்துக்கொண்டவர்களுக்குச் சிறுநீரகம் கெடும் வேகம் குறைந்தது.

நல்ல செய்திகள்தான். ஆனாலும் அளவைப் பாருங்கள். டாபாக்ளிஃப்ளோசின் என்ற ஆங்கில மாத்திரை சிறுநீரக நோயாளிகள் 4,304 பேரிடம், போலி மாத்திரையோடு ஒப்பிட்டுச் சோதிக்கப்பட்டு 2020-இல் வெளியானது. பலன் அவ்வளவு தெளிவாக இருந்ததால் சோதனையை முன்கூட்டியே நிறுத்தினார்கள். மூலிகைச் சோதனைகள் பெரும்பாலும் சிறியவை, குறுகியவை, யார் எதைச் சாப்பிடுகிறார் என்பது மறைக்கப்படாதவை. ‘புரதம் குறைந்தது’ என்பதற்கும் ‘டயாலிசிஸ் தேவைப்படவில்லை’ என்பதற்கும் நடுவில் பல வருடத் தூரம் இருக்கிறது. அந்தத் தூரம் முழுக்க நடந்து பார்த்த மூலிகைச் சோதனை எதையும் நான் பார்க்கவில்லை.

மூலிகை சாப்பிட்டவர்களுக்கு டயாலிசிஸ் ஆபத்து 60 சதவீதம் குறைந்ததாகத் தாய்வான் ஆய்வு சொல்கிறதே?

ஆமாம், 2015-இல் வந்தது. தாய்வானில் தேசியக் காப்பீடே சீன மருத்துவத்துக்கும் பணம் தருகிறது, அதனால் யார் எதை வாங்கினார் என்ற கணக்கு முழுசாக இருக்கிறது. ஏறத்தாழ 25,000 நோயாளிகளின் கணக்கைப் பார்த்தார்கள். ஆனால் அது கணக்குப் பார்த்ததுதான், சோதனை இல்லை. இரண்டு இடத்திலும் வைத்தியம் பார்க்கிறவர் பொதுவாகவே உடம்பில் அக்கறை உள்ளவராக இருப்பார், நடமாடும் தெம்பு உள்ளவராக இருப்பார். பலன் மூலிகையாலா, அக்கறையாலா என்று பிரித்துச் சொல்ல முடியாது. இன்னொன்று முக்கியம். அந்த மூலிகை முறையாகப் பதிவு பெற்ற வைத்தியர் எழுதித் தந்தது. சந்தையில் பொட்டலமாக வாங்கியது இல்லை.

மூலிகையால் சிறுநீரகமே கெட்டுப்போகும் என்கிறார்கள். அப்படி நிஜமாகவே நடந்திருக்கிறதா?

நடந்திருக்கிறது. இந்தப் பக்கத்தில் ஒரு பதிலை மட்டும் படிப்பதாக இருந்தால் இதைப் படியுங்கள்.

பெல்ஜியத்தில் பிரஸ்ஸல்ஸ் நகரத்தில் உடம்பு இளைக்க வைக்கும் ஒரு கிளினிக் இருந்தது. பல வருடமாக நடந்துவந்த இடம். 1990-இல் அவர்கள் கொடுக்கும் மாத்திரையில் இரண்டு சீன மூலிகைகளைப் புதிதாகச் சேர்த்தார்கள். கொஞ்ச காலத்தில், இள வயதுப் பெண்கள் சிலர் சிறுநீரகம் செயலிழந்து மருத்துவமனைக்கு வந்தார்கள். சர்க்கரை இல்லை, பெரிய ரத்தக் கொதிப்பு இல்லை, சிறுநீரில் புரதமும் அதிகம் இல்லை. ஆனால் பயாப்சியில் சிறுநீரகம் சுருங்கி வடுவாகியிருந்தது. எல்லோரும் அந்தக் கிளினிக்குக்குப் போனவர்கள். 1993-இல் ஒன்பது பேரைப் பற்றி எழுதினார்கள், பிறகு அந்த எண்ணிக்கை நூறைத் தாண்டியது.

என்ன நடந்தது? மாத்திரையில் இருக்க வேண்டியது ‘ஹான் ஃபாங் ஜி’. அது ஒரு கொடியின் வேர். ஆனால் சீனாவில் ‘குவாங் ஃபாங் ஜி’ என்று வேறொரு வேரும் உண்டு. அது முற்றிலும் வேறு குடும்பத்துச் செடி, அரிஸ்டோலோகியா இனம். இரண்டையும் சுருக்கமாக ‘ஃபாங் ஜி’ என்றுதான் சொல்வார்கள். பெயர் ஒன்று, செடி இரண்டு. ஒன்றுக்குப் பதிலாக மற்றது மூட்டையில் வந்துவிட்டது.

அரிஸ்டோலோகியாவில் இருக்கும் அமிலம் சிறுநீரகக் குழாய்களின் உயிரணுக்களுக்குள் போய், மரபுப் பொருளான டி.என்.ஏ.விலேயே ஒட்டிக்கொள்கிறது. மாத்திரையை நிறுத்திய பிறகும் சேதம் தொடர்கிறது. வலி இல்லை, வீக்கம் இல்லை. தெரியவரும்போது காலம் கடந்திருக்கும். அதோடு முடியவில்லை. சிறுநீரகம் போன 39 பேருக்கு முன்னெச்சரிக்கையாக அந்தச் சுருங்கிய சிறுநீரகங்களையும் சிறுநீர்க் குழாய்களையும் அகற்றிச் சோதித்தார்கள். 18 பேருக்குப் புற்றுநோய் இருந்தது. 2000-இல் இது வெளியானது. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு இன்றைக்கு இந்த அமிலத்தை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதி என்ற முதல் வகையில் வைத்திருக்கிறது.

சீனாவிலும் இதே கதைதான். ‘மு தோங்’ என்ற பெயரில் நஞ்சில்லாத ஒரு கொடியைத்தான் பழைய வைத்தியர்கள் சொன்னார்கள். காலப்போக்கில் வடகிழக்கில் மலிவாகக் கிடைத்த ‘குவான் மு தோங்’, அதாவது அரிஸ்டோலோகியா, அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. வாய்ப்புண், உடல் சூடு என்று அது சேர்ந்த மாத்திரையை வருடக்கணக்கில் விழுங்கியவர்கள் டயாலிசிஸுக்கு வந்தார்கள். 2003-இல் சீனா குவான் மு தோங்கைத் தடை செய்தது, தாய்வானும் அதே வருடம். 2004-இல் குவாங் ஃபாங் ஜி போனது. அதே இனத்தில் மீதியிருந்த இரண்டு சரக்குகள் 2020-இல்தான் சீன மருந்து நூலிலிருந்து நீக்கப்பட்டன.

அது சீனாவின் பிரச்சினை. நம் சித்த மருந்தில் அந்த மாதிரி இல்லையே?

இருக்கிறது. ஆடுதீண்டாப்பாளை அரிஸ்டோலோகியா இனம்தான். ஈஸ்வரமூலியும் அந்த இனமே. இரண்டிலும் அதே அமிலம் உண்டு. ஆடு எதையும் மேயும், அதுகூட வாய் வைக்காத செடி என்று நம் முன்னோர் பெயரிலேயே எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். பூச்சிக்கும் தோல் நோய்க்கும் பாம்புக்கடிக்கும் என்று இவற்றை உள்ளுக்குச் சாப்பிடும் பழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. நம் செடி என்ற பாசத்தில் இதை மறைக்கக் கூடாது. சிறுநீரகம் சரியாக இருப்பவர்களுக்கும் இவை வேண்டாம்.

ஒரே வாரத்தில் வீக்கம் வற்றிவிட்டது. மருந்து நல்ல மருந்துதானே?

இதற்குத்தான் சித்தப்பாவின் கதை.

நான் கூட்டிப்போன இடத்தில் சிட்டைகூட இல்லாமல் கறுப்பு உருண்டைகளைப் பையில் போட்டுக் கொடுத்தார்கள். பத்தே நாளில் கால் வீக்கம் போனது, பசி வந்தது, மூட்டு வலியும் போனது. வீட்டில் எல்லோரும் என்னைப் பாராட்டினார்கள். மூன்றாவது மாதம் சித்தப்பாவின் முகம் நிலா மாதிரி உருண்டது. கன்னம் உப்பி, கழுத்துக்குப் பின்னால் சதை வைத்தது. இதுவரை இல்லாத சர்க்கரை வந்தது. சந்தேகப்பட்டு உருண்டையை நிறுத்தினோம், ஒரேயடியாக. நான்காம் நாள் மயங்கி விழுந்தார். மருத்துவமனையில் பார்த்தவுடனேயே, ஸ்டீராய்டு கலந்த மருந்து சாப்பிட்டிருக்கிறார் என்று சொல்லிவிட்டார்கள். வெளியிலிருந்து அதிகமாக ஸ்டீராய்டு வந்துகொண்டிருந்தால் உடம்பு சொந்தமாகச் சுரப்பதை விட்டுவிடும். திடீரென்று நிறுத்தினால் இரண்டும் இல்லாமல் போய்விடும். பிழைத்துக்கொண்டார். அந்த மூன்று மாதத்தில் அவர் இழந்த சிறுநீரகச் சக்தி மட்டும் திரும்பவில்லை.

ஆகவே வேகமாக வேலை செய்யும் மூலிகையைச் சந்தேகப்படுங்கள். வலி மாத்திரை, ஸ்டீராய்டு, சிறுநீர் பிரியும் மாத்திரை எல்லாம் உருண்டையிலும் பொடியிலும் கலந்து பிடிபட்டிருக்கின்றன. வலி மாத்திரை சிறுநீரகத்துக்கே எதிரி.

கிரியேட்டினின் 4-லிருந்து 3-க்கு இறங்கியது. இதுவும் நம்பக் கூடாதா?

சந்தோஷப்படுங்கள், ஆனால் ஒரு தடவை பார்த்ததை வைத்து முடிவு செய்யாதீர்கள். கிரியேட்டினின் தசையிலிருந்து வருவது. சரியாகச் சாப்பிடாமல் உடம்பு மெலிந்தாலும் இறங்கும், இறைச்சியை நிறுத்தினாலும் இறங்கும். முன்பு வாந்தி பேதியில் உடம்பு வற்றி ஏறியிருந்தால் நீர் ஏறியதும் தானே இறங்கும். சில வார இடைவெளியில் மூன்று நான்கு தடவை, ஒரே பரிசோதனைக்கூடத்தில் பார்த்து, சிறுநீர் ஆல்புமினையும் எடையையும் சேர்த்துப் பாருங்கள்.

குளிர்காலப் புழு, கோடைக்காலப் புல் என்கிறார்களே, அது வாங்கலாமா?

இமயமலையிலும் திபெத் பீடபூமியிலும் புழுவின் உடம்பில் வளரும் காளான் அது. விலை தலையைச் சுற்றும். சிறுநீரக நோயில் ஆராய்ச்சி செய்யப்பட்டது பெரும்பாலும் தொட்டியில் புளிக்கவைத்து வளர்த்த காளான், மலையில் பொறுக்கிய புழு இல்லை. அந்த ஆராய்ச்சிகளும் தரம் குறைந்தவை என்று 2014-இல் காக்ரேன் அமைப்பு எல்லாவற்றையும் தொகுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னது. 2016-இல் சீன அரசே இதில் ஆர்செனிக் அதிகம் என்று எச்சரித்தது. நகையை அடகு வைத்து இதை வாங்கிய குடும்பத்தை எனக்குத் தெரியும். தயவுசெய்து வேண்டாம்.

அக்குபங்சர்?

சிறுநீரகத்தைச் சரிசெய்யும் என்பதற்கு ஆதாரம் இல்லை. டயாலிசிஸ் நோயாளிகளின் அரிப்பு, தூக்கமின்மைக்கு ஓரளவு உதவலாம், அதற்கும் ஆதாரம் பலவீனம்தான். செய்துகொள்வதென்றால் புது ஊசி, பதிவு பெற்றவர். டயாலிசிஸுக்காக ரத்தக்குழாய் இணைத்த கையில் ஊசியே படக் கூடாது.

இடுப்பில் மூலிகைப் பை கட்டுவது, கால் ஊறவைப்பது, மூலிகை எனிமா என்று வெளிநாட்டு நோயாளிகளைச் சீனாவுக்கு அழைக்கிறார்களே?

சில தனியார் மருத்துவமனைகள் அப்படி விளம்பரம் செய்கின்றன. இடுப்பில் கட்டிய பையிலிருந்து மருந்து தோல் வழியாகச் சிறுநீரகத்துக்கே போய் வடுவைக் கரைக்கும் என்பார்கள். வடு கரைந்ததற்கு ஆதாரம் கிடையாது. தா ஹுவாங், சிப்பி ஓடு சேர்ந்த எனிமா சீன மருத்துவமனைகளில் உண்மையிலேயே உள்ள முறை. யூரியா கொஞ்சம் இறங்கலாம், டயாலிசிஸுக்கு அது மாற்று இல்லை. எனக்கு இதில் பெரிய வருத்தம், டயாலிசிஸ் ஆரம்பிக்க வேண்டிய நேரத்தில் வீட்டை விற்று விமானம் ஏறுகிறவர்களை நினைத்துத்தான்.

மாற்றுச் சிறுநீரகம் வைத்தவர்கள் மூலிகை சாப்பிடலாமா?

கூடாது. ஒரு உதாரணம் போதும். ஷிசாண்ட்ரா என்ற பழத்தின் சாறு மாற்றுச் சிறுநீரகத்தை உடம்பு ஒதுக்காமல் இருக்கக் கொடுக்கும் டாக்ரோலிமஸ் மருந்தின் அளவை ரத்தத்தில் பல மடங்கு ஏற்றக் கூடியது. சீன மருத்துவர்கள் இதைத் தெரிந்தே பயன்படுத்தி, விலை உயர்ந்த டாக்ரோலிமஸைக் குறைத்துக் கொடுக்கிறார்கள், ரத்த அளவை அடிக்கடி பார்த்தபடி. மருத்துவருக்குத் தெரியாமல் நாமாகச் சாப்பிட்டால் அளவு மிஞ்சி, வைத்த சிறுநீரகமே கெடும்.

சாப்பாட்டில் கவனிக்க வேண்டியது?

நட்சத்திரப் பழம் தொடவே வேண்டாம். சிறுநீரகம் கெட்டவர்களுக்கு அது மூளையைப் பாதித்து, நிற்காத விக்கலில் ஆரம்பித்து வலிப்பு வரை கொண்டுபோகும், உயிரும் போயிருக்கிறது. மீன் பித்தப்பையைப் பச்சையாக விழுங்குவது தென் சீனாவிலும் வியட்நாமிலும் ஒரு நாட்டு வைத்தியம், ரோகு மீனில் இந்தியாவிலும் சில இடங்களில் உண்டு. நல்ல சிறுநீரகத்தையே சில நாளில் நிறுத்திவிடும். அதிமதுரம் சீனக் கஷாயங்களில் மிக அதிகம் சேரும் சரக்கு, நம் வீட்டிலும் இருக்கும். தொடர்ந்து சாப்பிட்டால் ரத்தக் கொதிப்பு ஏறும், நீர் கோக்கும். வேரும் இலையும் நிறையப் போட்டுச் சுண்டக் காய்ச்சிய எந்தக் கஷாயத்திலும் பொட்டாசியம் இறங்கியிருக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

எனக்குச் சீன மருத்துவத்தில் நம்பிக்கை இருக்கிறது. எப்படிப் பாதுகாப்பாகப் பார்ப்பது?

பதிவு பெற்ற வைத்தியரிடம் போங்கள். சிங்கப்பூரில் 2000-த்திலிருந்தே இதற்குச் சட்டம் இருக்கிறது, மலேசியாவில் 2016-இல் வந்தது. சிறுநீரகப் பரிசோதனைத் தாளைக் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். அதைப் பார்க்க விரும்பாதவரிடம் மருந்து வாங்காதீர்கள். ஒவ்வொரு சரக்கின் பெயரையும் சீன எழுத்தில் எழுதி வாங்குங்கள், உச்சரிப்பில் மட்டும் வேண்டாம். ஃபாங் ஜி கதை அதற்காகத்தான். பெயர் எழுதித் தர மறுத்தால் கிளம்பிவிடுங்கள். ஆரம்பித்த இரண்டு வாரத்தில் ரத்தப் பரிசோதனை, பிறகு மாதம் ஒரு தடவை. கொதிப்பு மாத்திரையையும் சர்க்கரை மாத்திரையையும் ஒரு நாள்கூட நிறுத்தாதீர்கள். சிறுநீரக மருத்துவரிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். திட்டுவார் என்று பயந்துதான் முக்கால்வாசிப் பேர் மறைக்கிறார்கள். திட்டினால் திட்டட்டும்.

சிறுநீரகம் 30 சதவீதத்துக்குக் கீழே போய்விட்டவர்களுக்கு என் சொந்த அபிப்பிராயம்: கஷாயம் வேண்டாம். பரிசோதித்துப் பார்த்து இழப்பதற்கு உங்களிடம் சிறுநீரகம் மிச்சம் இல்லை.

ஏற்கெனவே இரண்டு மாதமாகச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். இப்போது என்ன செய்வது?

பொட்டலத்தையும் மீதி உருண்டையையும் தூக்கிப் போடாதீர்கள், அதுதான் சாட்சி. அப்படியே எடுத்துக்கொண்டு இந்த வாரமே மருத்துவரிடம் போங்கள். கிரியேட்டினின், பொட்டாசியம், சிறுநீர்ப் பரிசோதனை, கல்லீரல் பரிசோதனை நான்கையும் கேளுங்கள். பொதுவாக, அந்த மூலிகை மருந்தை உடனே நிறுத்துவதுதான் சரி. ஆனால் முகம் உருண்டிருந்தாலோ, திடீரென்று பசி கூடியிருந்தாலோ, பழைய மூட்டு வலி மாயமாக மறைந்திருந்தாலோ, நீங்களாக நிறுத்தாமல் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய், ஸ்டீராய்டு இருக்கலாம் என்று சந்தேகப்படுகிறேன் என்று சொல்லுங்கள். எப்படிப் படிப்படியாகக் குறைப்பது என்று அவர்கள் சொல்வார்கள்.